செவ்வாய்க்கிழமை, அதிகாலை 2.40

கோகிலவாணி மஞ்சள் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்து, மூலையில் தடவியிருந்த மஞ்சள் உதிர்ந்துவிடாமல் மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"மணி, நிமிசம் எல்லாம் இதுல துல்லியமா இருக்குதுங்க அம்மிணி. பொருத்தம் பாக்கறதுக்குன்னு போன மாசந்தான் புதுசா எழுதி வாங்குனோம். ஜோசியரு போனுக்கும் அனுப்பியிருக்காரு."

"போன்ல இருக்கறதே போதும்மா. அதை அப்படியே எங்க கம்ப்யூட்டர் படிச்சுக்கும்" என்றாள் நிறைமதி.

கோயம்புத்தூரில் அந்த நினைவு மீட்பு மையம் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. மருத்துவர்கள் ஐந்து பேர், செவிலியர் பதினாறு பேர். இவர்களுக்கு நடுவே ஊசியும் தெரியாத, மருந்தும் தெரியாத நிறைமதிக்கு ஒரே வேலைதான். குடும்பத்தார் கேட்கிற நாளையும் நேரத்தையும் இயந்திரத்துக்குப் புரியும் விதத்தில் மாற்றிக் கொடுக்கும் நிரலை எழுதியவள் அவள். சென்னையில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவள். ஏழு மாதக் கர்ப்பிணி. நாற்காலியை மேசையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுத்தான் உட்கார முடிந்தது.

"ஒரே ஒரு மணி நேரந்தானுங்களா? ஒரு நாள் முழுசாக் குடுக்க முடியாதுங்களா?"

"மூளை தாங்காதும்மா. அதுவுமில்லாம, காதுக்குப் பின்னால பதிச்சிருக்கற, நடக்கறதையெல்லாம் பதிவு பண்ணி வைக்கற அந்த நாரை ஒரு தடவைதான் படிக்க முடியும். படிக்கப் படிக்க எரிஞ்சுடும். எந்த ஒரு மணி வேணும்னு நாம கேக்கறோமோ அது மட்டும்தான் உள்ள போகும். மிச்சமெல்லாம் போனது போனதுதான்."

"அப்ப மத்த இருவத்திநாலு வருசம்?"

நிறைமதி இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "பாலுக்கு உறை ஊத்தறோம் இல்லையா? ஒரு கரண்டி மோர்தான். ஆனா அது சரியான மோரா இருந்தா, விடியறதுக்குள்ள பானை முழுக்கத் தயிராகிடும். இதுவும் அப்படித்தான். நெஞ்சுல ஆழமா பதிஞ்ச ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்தா, அதைச் சுத்தி மத்தது கொஞ்சம் கொஞ்சமா உறையும். எல்லாருக்கும் பலிக்காதும்மா. பத்துக்கு ஆறு பேருக்குப் பலிக்குது."

கோகிலவாணி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவர் கணவர் தனபால் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொள்ளாச்சி பக்கம் தென்னைநார் மில் வைத்திருப்பவர். பங்குனி மாதம் ஒரு காலையில் மில்லில் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் கல்யாணமாகி முதல் வருடத்துக்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் இல்லை. "ஏம்புள்ள, அதுக்குள்ள உனக்கு இத்தினி நரையா?" என்று மனைவியிடம் தினமும் கேட்கிறார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "இந்த நர்ஸம்மா நல்ல புள்ள. பாவம், நம்ம ஊட்டுக்கே வந்து போகுது" என்று இப்போது சொன்னாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த நர்ஸம்மா அவருடைய ஒரே மகள் நேத்ரா.

"ஆமாங்க. நர்ஸ் சொன்னா கேக்கோணும். வாயத் தொறங்க" என்று சிரித்தபடி மாத்திரையை ஊட்டினாள் நேத்ரா. தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பியபோது அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இல்லை.

"ஆவணி எட்டாந்தேதி அவளுக்குக் கல்யாணமுங்க" என்றார் கோகிலவாணி. "அப்பன் மணவறைக்கு முன்னால நின்னு, 'இது யாரு ஊட்டுப் பொண்ணு'ன்னு கேட்டார்ன்னா அந்தப் புள்ள என்ன பண்ணுமுங்க?"

"அதனாலதான் பிறந்த நேரத்தைக் கேக்கறீங்களா?"

"வேற எதைங்க கேக்கறது? நார் வெச்ச மறு வருசம் பொறந்தா இவ. எனக்கு ஊசின்னா பயம், நான் வெச்சுக்கிலீங்க. அவருதான் ஆசையா வெச்சுக்கிட்டாரு. 'நாரோட பொழப்பு, மண்டைக்குள்ளயும் ஒரு நார் இருந்துட்டுப் போகுது'ன்னு." அவர் முகம் லேசாக மலர்ந்தது. "பிரசவத்தப்ப கதவுக்கு வெளியவே நின்னாருங்க. இவ மொத அழுகையக் கேட்டுட்டு, 'பொண்ணுதான், அழுகையே சொல்லுது'ன்னாராம். ஒவ்வொரு பொறந்த நாளைக்கும் கேக்கு வெட்டறதுக்கு முன்னால இந்தக் கதைய ஒருக்கா சொல்லிருவாரு. அந்த அழுகைய அவருக்குத் திருப்பிக் குடுத்துருங்க. போதும்."

நிறைமதி ஜோசியர் அனுப்பிய கோப்பை இழுத்து நிரலுக்குள் விட்டாள். இப்போதெல்லாம் ஜாதகமும் கட்டம் கட்டமான தரவாகத்தான் வருகிறது. நாள் ஒரு கட்டம், கிழமை ஒரு கட்டம், நேரம் ஒரு கட்டம். நிரல் அவற்றைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்து, திரையில் ஒரு வரியாகக் காட்டியது.

18-08-2037. செவ்வாய்க்கிழமை. பிறப்பு, அதிகாலை 2.40. மீட்கும் நேரம், 2.30 முதல் 3.30 வரை.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. இதுதானே?"

கோகிலவாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் படித்தார். "செவ்வாக்கிழமை, ரெண்டு நாப்பது. இதேதானுங்க" என்று சொல்லிக் கட்டைவிரலைத் திரையில் பதித்தார்.

அன்று மாலையே நாரைப் படித்து அந்த மணியைத் தனபாலுக்குள் செலுத்தினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கண் விழித்தார்.

கட்டிலின் இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் மகள். கண்ணாடிக்கு வெளியே நிறைமதி. கண் விழிக்கும் முதல் நிமிடத்தில் அங்கே வந்து நிற்கும் வழக்கம் அவளுக்கு உண்டு. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே இத்தனை வேலையும்.

தனபால் விட்டத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். முகத்தில் தூக்கம் விலகி ஒரு பரபரப்பு வந்தது. "கோகிலா, வலி வந்துருச்சா?" என்றார்.

"என்ன வலிங்க?"

அவர் பார்வை அவள் வயிற்றுக்கு இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "கொழந்தை எங்க? ஏம்புள்ள, கொழந்தை எங்க?" அவர் குரல் உயர்ந்தது. நேத்ரா ஓடி வந்து தோளைப் பிடித்தாள். "நர்ஸம்மா, டாக்டரக் கூப்புடுங்க. என்ற சம்சாரத்துக்கு நாள் நெருங்கிருச்சு" என்று அவளிடமே கெஞ்சினார்.

மருத்துவர் வந்து தூக்க மருந்து கொடுத்தார். ஒரு மணி நேரமும் குறையில்லாமல் உள்ளே போயிருக்கிறது என்றார். குழப்பம் தெளிய இரண்டு நாள் ஆகலாம் என்றார். கோகிலவாணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சற்று நேரத்தில் நேத்ரா நிறைமதியின் அறைக்கு வந்தாள்.

"அக்கா, எங்கப்பாவுக்கு நான் பொறந்த மணியே உள்ள போயிருச்சுன்னு சொல்றாங்க. அப்பவும் என்னைத் தெரியிலீங்களே. கொழந்தை எங்கன்னு தேடறாரு. பொறந்த மணி வந்துருந்தா, பொறந்துட்டான்னு தானுங்களே தெரியோணும்?"

நிறைமதிக்கும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. "எனக்கும் புரியலைம்மா. கொஞ்சம் பொறு."

"பொறுக்கறேன். வர பத்தொம்பதாந்தேதி எனக்கு இருவத்திநாலு முடியுது. அதுக்குள்ளயாச்சும் அந்த அழுகைக் கதைய ஒருக்கா சொன்னாப் போதுமுங்க அக்கா."

"பதினெட்டுதானே?" என்றாள் நிறைமதி.

"சர்டிபிகேட்டுல பத்தொம்பது, புதன்கிழமை. பள்ளிக்கூடம், ஆபீஸ், கேக்கு எல்லாம் பத்தொம்பதுதான். அம்மா கணக்குலயும் ஜோசியர் கணக்குலயும் மட்டுந்தான் செவ்வாய்." நேத்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "சூரியன் வந்தாத்தானுங்களே மறுநாளு? நான் பொறந்தது விடியறதுக்கு முன்னால. அப்ப செவ்வாய் இன்னும் முடியலை. அம்மாகிட்டக் கேட்டாச் செவ்வாக்கிழமை ராத்திரி பொறந்தவன்னுதான் சொல்லும்."

நிறைமதி ஜாதகத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டத்துக்கு மேலே சின்ன எழுத்தில் இருந்ததை நேற்று அவள் படிக்கவே இல்லை. ஆவணி 2, செவ்வாய்க்கிழமை, சூரிய உதயத்திலிருந்து ஐம்பத்தொரு நாழிகைக்கு ஜனனம். ஒரு நாழிகை இருபத்துநான்கு நிமிடம். ஐம்பத்தொன்று என்றால் இருபது மணி நேரத்துக்கும் மேலே. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணியிலிருந்து அவ்வளவு தூரம் எண்ணினால் வந்து நிற்பது புதன்கிழமை விடியற்காலை.

ஜோசியர் நாளைச் சூரியனிடம் வாங்கியிருந்தார். நேரத்தைக் கடிகாரத்திடம் வாங்கியிருந்தார். அவருக்கு அதில் குழப்பமில்லை. கோகிலவாணிக்கும் இல்லை. இரண்டு கட்டத்தையும் எடுத்து ஒட்டிய நிரலுக்கு மட்டும், நாள் என்றால் நடுராத்திரியில் தொடங்குவது என்ற ஒரே கணக்குத்தான் தெரியும். நாளும் கிழமையும் பொருந்துகிறதா என்று சரிபார்க்க ஒரு வரியை அவளே எழுதியிருந்தாள். பொருந்தியது. ஆகஸ்ட் பதினெட்டு செவ்வாய்க்கிழமைதானே! அந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் அவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

தனபாலுக்குள் போனது மகள் பிறந்த மணி அல்ல. அதற்குச் சரியாக ஒரு நாள் முந்திய மணி.

"அக்கா? ஏனுங்க அக்கா, முகமெல்லாம் வேர்க்குது? தண்ணி கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாம்மா" என்றாள் நிறைமதி. "நீ போய் அம்மாகூட இரு. நான் வரேன்."

மையத்தின் தலைவர் இம்மானுவேல் முழுவதையும் கேட்டபடி பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"அவங்களே பார்த்து, சரின்னு கைரேகை வெச்சிருக்காங்க நிறை. யாரும் நம்மளைக் கேள்வி கேக்க முடியாது."

"அவங்க சொன்னது சரிதான் சார். நான் படிச்சதுதான் தப்பு."

"எத்தனை பேர்?"

"ஜாதகத்தை வெச்சு நேரம் எடுத்தவங்கள்ல, நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவுல கேட்டவங்க பதினோரு பேர். ஒன்பது பேர் வரிசையில இருக்காங்க. முதல் ஆளுக்கு நாளைக்குக் காலையில."

"அவங்களை நிறுத்திடு. திருத்திட்டு நடத்தலாம். முடிஞ்சுபோன ரெண்டு பேர்கிட்டப் போய்ச் சொல்லி என்ன ஆகப் போகுது? எரிஞ்ச நார் திரும்பியா வரும்? இவருக்கு இன்னும் ரெண்டு நாள்ல தெளிஞ்சாலும் தெளியலாம். சிலருக்குப் பலிக்காதுன்னு முன்னாடியே சொல்லித்தானே சேர்க்கறோம்?"

"பலிக்கலைன்னா அவங்க யாரைக் குறை சொல்லிக்குவாங்க சார்?"

இம்மானுவேல் பேனாவை மேசைமேல் வைத்தார். "இந்த உடம்போட நீ அலையாதே. ஆபீஸ் வண்டியை எடுத்துக்கோ" என்றார்.

கோகிலவாணி கேன்டீனில், ஆறிப்போன காபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நிறைமதி எதிரே நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நாள் எப்படித் தவறியது, எது போனது, எது திரும்ப வராது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அப்ப அந்த அழுகை?"

"எரிஞ்சு போயிடுச்சும்மா."

கோகிலவாணி ஆறிய காபியைத் தள்ளி வைத்தார். "நீங்க படிச்சவங்க. நாங்க உங்களை நம்பித்தானுங்களே கைரேகை வெச்சோம்? பொறந்த புள்ளைக்கு நாள் குறிக்கறது எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"கேட்டிருக்கணும்மா."

"நானும் சொல்லியிருக்கோணும். செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவுலன்னு ஒரு வார்த்தை. இது ஊருக்கே தெரியுமேன்னு உட்டுட்டேன்." அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நிறைமதிக்கு அந்தத் தோளைத் தொட உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கால் கடுத்தது. அப்படியே நின்றாள்.

முந்தானைக்குள்ளிருந்தே குரல் வந்தது. "வயித்துப் புள்ளையோட எத்தனை நேரம் நிப்பே? உக்காரு கண்ணு."

அந்த ஒரு வார்த்தையில் நிறைமதிக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து, காபி போடுகிறவர் கேட்காமலேயே புதிதாக இரண்டு தம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பாதி காபி குடித்த பிறகு கோகிலவாணி தம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு நாளைக்கு முந்தின ராத்திரின்னா, திங்கக்கிழமை படுத்து எந்திரிக்கறதுக்கு முந்தி. அன்னைக்கு எனக்கு வலியே இல்லீங்களே. காலெல்லாம் நீர் கோத்து வீங்கிக் கெடந்துச்சு. பதினோரு மணிக்குத் தூங்குனவ விடிஞ்சுதான் எந்திரிச்சேன். அந்த நேரத்துல அவரு என்ன பண்ணீட்டு இருந்தாரு?"

"எனக்குத் தெரியாதும்மா. உள்ள என்ன இருக்குன்னு நாங்க பார்க்க முடியாது. வாங்கிக்கிட்டவருக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப அவரையே கேட்டர்லாம்" என்று எழுந்தார் கோகிலவாணி. நிறைமதியின் கையையும் பிடித்துக்கொண்டார்.

தனபால் மருந்து தெளிந்து, தலையணையில் சாய்ந்திருந்தார். நேத்ரா வாசலிலேயே சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே போனால் மறுபடி நர்ஸம்மா ஆகிவிடுவோம் என்ற பயம். கோகிலவாணி கட்டிலில், கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நான் தூங்குனதுக்கப்பறம் நீங்க என்ன பண்ணுனீங்க?"

தனபால் கூச்சத்தோடு சிரித்தார். "உன்ற காலை அமுக்கீட்டு இருந்தேன். வீக்கம் கொறையவே இல்ல. எனக்குத் தூக்கமும் வர்ல. நாளைக்கோ நாளான்னைக்கோன்னு டாக்டரு சொல்லீட்டாங்கல்ல, நெஞ்சு பக்குபக்குன்னு அடிச்சுட்டே இருந்துச்சு."

"ராத்திரி ரெண்டரை மணி வரைக்குமா?"

"மூணரை வரைக்கும். உன்ற வயித்து மேல கைய வெச்சேன். சும்மா பேசுனேன். சிரிக்காத புள்ள. 'எப்ப சாமி வருவே?'ன்னு கேட்டேன். டொக்கு டொக்குன்னு ரெண்டு ஒதை. என்ற உள்ளங்கையிலயே ஒதைச்சுது. 'நாளைக்கா?'ன்னேன். மறுபடியும் ரெண்டு ஒதை. நான் கேக்கக் கேக்க அது பதில் சொல்லுது! உன்னை எழுப்பலாம்னு பாத்தேன். பாவம், அசந்து தூங்குற. அதுங்கூட நானே பேசீட்டு இருந்தேன். மில்லைப் பத்திச் சொன்னேன். 'பொண்ணா இருந்தா உன்னைய சைக்கிள்ல வெச்சு ஊரெல்லாம் சுத்துவேன்'ன்னேன்." அவர் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "இன்னும் இங்க அப்படியே இருக்குது கோகிலா. ஆனா அது எங்க? நாளைக்கு வரேன்னு சொல்லுச்சே?"

கோகிலவாணி அந்த உள்ளங்கையையே பார்த்தார். இருபத்துநான்கு வருடத்தில் ஒருமுறைகூட அவர் இந்தக் கதையைச் சொன்னதில்லை. பிறந்த நாள் தவறாமல் சொன்னது அந்த அழுகைக் கதையை மட்டும்தான்.

வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். விரித்து வைத்திருந்த அந்த உள்ளங்கைக்கு அடியில் தன் இடக்கையை ஏந்தலாகக் கொடுத்து, வலக்கை விரல்களை மடக்கி, மெதுவாகக் கதவு தட்டுவதுபோல் அதன் நடுவில் தட்டினாள். டொக்கு, டொக்கு.

தனபால் தன் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. ஏதோ ஒன்றை எட்டிப் பிடிக்கப் பார்ப்பதுபோல் வாய் திறந்து மூடியது.

"நாளைக்கா?" என்றார், மிக மெல்லிய குரலில்.

நேத்ரா மறுபடி இரண்டு முறை தட்டினாள்.

"வந்துட்டியா சாமி?"

"வந்துட்டனுங்க அப்பா."

அவர் அவள் தலையில் கை வைத்தார். கூந்தலைத் தடவினார். காதைத் தொட்டார். பிறந்த குழந்தையை முதல் முறை கையில் வாங்கியவர் விரல்களை எண்ணிப் பார்ப்பதுபோல, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "கோகிலா, பொண்ணு புள்ள! இங்க பாரு, நம்ம புள்ள, எத்தினி பெருசா வந்துருக்குது!" என்றார்.

நிறைமதி சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அன்று மாலை, திருத்திய நிரலைச் சோதிக்க அவளுக்குத் தனபாலின் நாரிலிருந்து மிஞ்சிய குறிப்பு தேவைப்பட்டது. நார் எரிந்த பிறகு அதில் நினைவு எதுவும் இருக்காது. ஒவ்வொரு நிமிடமும் அவர் விழித்திருந்தாரா தூங்கினாரா என்ற கணக்கு மட்டும் சாம்பல்போல மிஞ்சும். எரிப்பதற்கு முன் அதைப் பார்க்க வழியில்லை.

18-08-2037, 2.30 முதல் 3.30 வரை. விழிப்பு.

சரியான நாளைக் கொடுத்துப் பார்த்தாள். 19-08-2037, 2.30 முதல் 3.30 வரை. தூக்கம். அதற்கு முன்னால் பார்த்தாள். ஒரு மணியிலிருந்தே தூக்கம். ஐந்தே கால் மணிக்குத்தான் விழிப்பு.

முந்தின ராத்திரி முழுவதும் கால் அமுக்கியவர், செவ்வாய்க்கிழமை பகல் பூராவும் ஆஸ்பத்திரியில் அலைந்தவர், அந்த நேரத்தில் எங்கோ ஒரு பெஞ்சில் அசந்து தூங்கியிருக்கிறார். மகளின் முதல் அழுகையை அவர் கேட்கவே இல்லை. நிறைமதி தவறே செய்யாமல் இருந்திருந்தால், அவருக்குள் ஒரு மணி நேர இருட்டுத்தான் போயிருக்கும்.

அவள் திரையை அணைத்தாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு பயமாகவும் இருந்தது. ஏனென்றால் பட்டியலில் இரண்டாவது பெயர் இருந்தது.

ஈரோட்டில் அந்த வீட்டுக்கு மறுநாள் மதியம் போனாள். மூன்று மாதத்துக்கு முன் சிகிச்சை பெற்ற பெரியவர் ஊஞ்சலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். மகன் குமரகுரு கதவைத் திறந்தான். அவன் பிறந்த மணியைத்தான் அவர்களும் கேட்டிருந்தார்கள். அந்த நாரின் குறிப்பையும் அவள் பார்த்துவிட்டாள். கேட்ட மணியில் அப்பா விழித்திருந்தார். கிடைத்த மணியில் தூங்கிக்கொண்டிருந்தார். இங்கே அதிர்ஷ்டம் அப்படியே தலைகீழ். உறை ஊற்றியதாக நினைத்து வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தாள்.

நடந்தது முழுவதையும் குமரகுருவிடம் சொன்னாள். பிறகு ஊஞ்சலைப் பார்த்தபடி கேட்டான். "அப்ப, எங்கப்பாவுக்கு நான் பொறந்த மணி உள்ள போகவே இல்லீங்களா?"

"இல்லைங்க. என் தப்பு. திரும்பக் கொடுக்க வழியும் இல்லை. உங்க கோபம் எதுவா இருந்தாலும் நியாயம்தான்."

"கோபம் இருக்குதுங்க. நெறையவே இருக்குது." அவன் குரல் உடைந்தது. "ஆனா மூணு மாசமா நான் என்ன நெனச்சுட்டு இருந்தேன் தெரியுங்களா? நான் பொறந்ததுல அவருக்குச் சந்தோசமே இல்ல போல, அதனாலதான் பலிக்கலைன்னு நெனச்சுட்டேன். சின்ன வயசுல எங்களுக்குள்ள ஒத்துப் போகாதுங்க. சரி, அந்த மனசுல எனக்கு எடமில்லன்னு முடிவே பண்ணீட்டேன்." அவன் எழுந்து போய் அப்பாவின் காலடியில், ஊஞ்சலுக்குக் கீழே உட்கார்ந்தான். பெரியவர் அவனையும் சேர்த்து, "பதினேழு" என்று எண்ணினார்.

நிறைமதி அன்று மாலையே மையத்துக்குத் திரும்பினாள். ஒன்பது பேரின் நாட்களையும் அவளே உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, "நீங்க சொல்ற செவ்வாய் எந்தச் செவ்வாய்?" என்று கேட்டுச் சரிசெய்தாள். அந்தக் கேள்வியை இனிமேல் இயந்திரத்திடம் விடக் கூடாது. மனிதர்தான் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தாள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த மறுநாள், தனபாலும் கோகிலவாணியும் வெற்றிலை பாக்குத் தட்டோடு மையத்துக்கு வந்தார்கள். தயிர் முழுக்க உறைந்துவிடவில்லை. இன்னும் பல வருடங்கள் அவருக்கு ஓட்டை ஓட்டையாகத்தான் இருந்தன. ஆனால் நேத்ரா சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் தையல் போட்டது வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அவள் அழுதது வந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெயர் மட்டும் இன்னும் நிற்க மாட்டேன் என்கிறது. "அது உறையறதுக்கு இன்னும் நாளாகுமுங்க, அந்தப் பையனே புதுசுதான?" என்று சிரித்தார்.

கோகிலவாணி செவிலியர்களுக்குப் பத்திரிகை கொடுக்க உள்ளே போனதும், தனபால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, ஒன்னு கேக்கோணும். அந்த மத்த மணி, புதன்கிழமை மணி. அதுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

நிறைமதி அவர் கண்ணைப் பார்த்தாள். "தெரியும் சார்."

"அவகிட்ட?"

"என் தப்பு எல்லாத்தையும் சொன்னேன். இது என் தப்பில்லையே. அதனால சொல்லலை."

அவர் பெருமூச்சு விட்டார். "மெதுவா ஞாபகம் வந்துச்சுங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி நர்ஸம்மா தட்டி எழுப்பித்தான் எனக்கே தெரியும், புள்ள பொறந்து ரெண்டரை மணி நேரமாச்சுன்னு. வெக்கமாப் போச்சு. வாயில வந்ததச் சொல்லீட்டேன். அவளும் நம்பீட்டா. அப்பறம் வருசா வருசம் சொல்லிச் சொல்லி, கேட்ட மாதிரியே ஆயிருச்சு. நீங்க மட்டும் சரியாக் கணக்குப் போட்டிருந்தா, இருவத்திநாலு வருசக் குட்டு ஒடஞ்சிருக்குமுங்க!"

"என்னங்க குட்டு?" என்றபடி கோகிலவாணி திரும்பி வந்தார்.

"அது ஒன்னுமில்ல புள்ள. கல்யாணத்தன்னைக்கு அந்த அழுகைக் கதைய மறுபடியும் சொல்லட்டுமான்னு கேட்டுட்டு இருந்தேன்."

"சொல்லுங்க. சொல்லாம உட்டாத்தான் அந்தப் புள்ள அழுவும்" என்று சொல்லிவிட்டு, கோகிலவாணி பத்திரிகை ஒன்றை நிறைமதியின் கையில் கொடுத்தார். "நீயும் உன்ற ஊட்டுக்காரரும் கண்டிப்பா வரோணும் கண்ணு. பிரிச்சுப் பாரு."

நிறைமதி பிரித்தாள். ஆவணி 8, புதன்கிழமை, அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள் முகூர்த்தம் என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, மீதி இடத்தில், நீல மையில் கோகிலவாணியின் கையெழுத்து சாய்வாக ஓடியது.

"கண்ணு, செவ்வாக்கிழமை சாயங்காலமே வந்துரு. ராத்திரி எங்க ஊட்லயே சாப்புட்டுத் தூங்கு. நாங்க எழுப்பி உடறோம். எழுப்பி உட்டவொடன எந்திரிச்சு வந்தா, அதுதான் நல்ல நேரம்."